காத்திருக்கத் தெரியாத மொழி

மழை வந்தால் நனைந்துகொண்டே வேலைக்கு வருகிற ஒரு பெண்மணிக்கு ஊர் கூடிக் 'குடையக்கா' என்று பெயர் வைத்திருக்கிறது. காரணம், அவர் உட்கார்ந்திருக்கும் இடம். ரயில் நிலையத்தில் மூன்றாம் நடைமேடையின் கடைசியில் தொலைந்த பொருள் அலுவலகம் என்று ஒரு அறை உண்டு. அங்கே முன்னூற்றுச் சொச்சம் குடைகளுக்கு நடுவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். கறுப்புக் குடையே இருநூறு தேறும். அதில் உங்களுடையது எது என்று உங்களைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பீர்கள். அக்கா முழிக்க மாட்டார்.

குடை மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடிப் புட்டியில் ஒரு பல்செட் இருக்கிறது. ஒற்றைச் செருப்புகள் ஒரு கூடை நிறைய. ஊதுகுழல் ஒன்று. ஒரு செயற்கைக் கால்கூட இருக்கிறது. அதை விட்டுவிட்டு அந்த ஆசாமி எப்படி ரயிலைவிட்டு இறங்கி நடந்து போனார் என்று இன்றுவரை ஒருவருக்கும் விளங்கவில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் அக்காவை இரண்டு தடவை கைவிட்டது. மூன்றாவது தடவை அக்கா அதைக் கைவிட்டார். கணக்குத் தீர்ந்தது. பொருள்களுக்குச் சீட்டுக் கட்டும் தற்காலிக வேலைக்கு வந்தவர், அலுவலகத்துக் கணினியில் கட்டம் கட்டமாக இருக்கும் அட்டவணையை நோண்டி நோண்டியே கற்றுக்கொண்டார். எந்தக் குடை எந்த அலமாரியில், வந்து எத்தனை நாளாயிற்று என்றெல்லாம் தானாகச் சொல்கிற சூத்திரங்களை எழுதி வைத்தார். கணக்கில் தோற்றவர் கணக்குப் போடும் இயந்திரத்துக்கே வேலை வைத்தார் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அவர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். பொதுவாக யாரையும் புகழ்கிற ஆள் கிடையாது.

அந்த நிம்மதியில்தான் தலைமை அலுவலகம் மண்ணைப் போட்டது. இனிமேல் அட்டவணை வேண்டாம், எல்லாம் இணையப் பக்கத்தில்தான் என்று ஒரு புதுப் பக்கத்தை அனுப்பிவைத்தார்கள். அதைப் படைத்த புண்ணியவான் தன் வாழ்நாளில் எதையும் தொலைத்ததில்லை போலும். வெள்ளைத் தாளில் சாம்பலைத் தூவியது போல எழுத்து. பொருளின் வகையைத் தேர்ந்தெடுக்க நானூற்றுப் பன்னிரண்டு வகைகள் கொண்ட பட்டியல், எந்த வரிசையும் இல்லாமல். குடை எங்கே இருக்கிறது என்றால், கிளிக்கூண்டுக்கும் மீன் தொட்டிக்கும் நடுவே, முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டாவதாக. எல்லாவற்றுக்கும் கீழே 'பதிவு செய்', 'நீக்கு' என்று இரண்டு சாம்பல் பொத்தான்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

அக்கா இரண்டு நாள் திட்டினார், மூன்றாம் நாள் பழகிக்கொண்டார். பழக முடியாமல் போனது பக்கத்து ஜன்னல் மைக்கண்ணனுக்கு.

மைக்கண்ணனுக்கு ஐம்பது வயது. அவர் ரகசியம் சொன்னால் மைக் வைத்தது போல ஒன்றாம் நடைமேடையில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பெயரும் அதனால்தான். ஆனால் அவருக்கு ஒரு வித்தை தெரியும். பொருளைக் கேட்டு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார், உண்மையான சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிடும். விலை உயர்ந்த பேனாவுக்கு உரிமை கொண்டாடி மூன்று பேர் வந்தபோது, "மூடியை எந்தப் பக்கமாக் கடிப்பீங்க?" என்று கேட்டார். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். ஒருவர் வெட்கப்பட்டார். பேனா வெட்கப்பட்டவருக்குப் போயிற்று.

அப்பேர்ப்பட்டவர் புதுப் பக்கம் வந்த முதல் மாதம் பதினான்கு பிழை செய்தார். பதிவு செய்ய வேண்டியதை நீக்கினார். கைப்பையைக் கிளிக்கூண்டு என்று எழுதினார். நிலைய மேலாளருக்கு எதையும் வாயால் சொல்லிப் பழக்கமில்லை, எல்லாம் சுற்றறிக்கைதான். அதனால் அவருக்குப் பெயரே சர்க்குலர் சார். அவர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்திவைத்தார். அடுத்த மாதம் முதல், மாதத்தில் ஐந்து பிழை ஆனால் அந்த ஊழியர் ஜன்னலை விட்டுக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றப்படுவார்.

கிடங்கு என்பது படிக்கட்டுக்குக் கீழே ஈரக் கம்பளி வாடை அடிக்கிற நீள அறை. ஒரு விளக்கு, நூறு பெட்டி. கீழேயிருந்து பொருளை மேலே தூக்கிவந்து கொடுக்கும் சுமையாளர் தவிர மனித வாடை கிடையாது, அவரும் வாய் திறக்காதவர். மைக்கண்ணனை அங்கே உட்கார வைப்பது, ஊதுகுழலைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவதற்குச் சமம்.

"என்னண்ணே, கண்ணு சரியாத் தெரியுதா?" என்று அக்கா ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தார்.

"எனக்கென்ன, எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. அந்தப் பக்கந்தான் மக்குப் பக்கம்."

மறுநாள் காலை அவர் உள்ளே வந்து, மூலையில் கோட்டு மாட்டும் கம்பத்துக்கு வணக்கம் சொன்னார். கம்பத்தில் ஒரு நீளக் கோட்டும் தொப்பியும் தொங்கின. கம்பம் பதில் வணக்கம் சொல்லவில்லை. "பெரிய மனுசன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடும்," என்று முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. சீட்டை மூக்கருகே கொண்டுபோய் அவர் மோந்து பார்ப்பது போல வைத்துக்கொள்வதும், "தங்கச்சி, இது எந்தக் கட்டம், சொல்லு பாப்போம்?" என்று வாத்தியார் மாதிரி கேட்பதும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. மூக்குக் கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. அதற்கு அடங்காத கோளாறு.

நேராகக் கேட்டால் மனிதர் ஒடிந்துவிடுவார். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி அக்கா தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அடுத்த ஆண்டுக்குப் பிறகு பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. இணையப் பக்கங்களைத் திறக்கிற உலாவியிலேயே பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்து பெரிதானது, கூடவே 'பதிவு செய்' பொத்தான் திரையைவிட்டு வெளியே குதித்து ஓடிப்போனது. மிச்சம் நின்றது 'நீக்கு' மட்டும். அதுதான் வேண்டாதது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் கணினியில் குளிர்பெட்டி உதிரிப்பாகம் தேடிக்கொண்டிருந்தார். அவர் உலாவியில் விளம்பரங்களே வரவில்லை.

"என்னங்க, விளம்பரமெல்லாம் எங்க போச்சு?"

"அதுவா? உலாவிக்கு ஒரு நீட்சி போட்டிருக்கேன். எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் அது உள்ள புகுந்து விளம்பரத்தை மறைச்சிடும்."

"அடுத்தவங்க பக்கத்துக்குள்ள புகுந்தா?"

"அடுத்தவங்க பக்கமா இருந்தா என்ன, பார்க்கிறது என் கண்ணுதானே?"

அக்கா எழுந்து இரண்டு தடவை அறையைச் சுற்றி வந்தார். விளம்பரத்தை மறைக்க முடிந்தால் பொத்தானை நகர்த்த முடியாதா? அந்த நீட்சியை எழுதினவனுக்கும் கை இரண்டுதானே?

காலைப் பணி மூன்று மணிக்கு முடிந்துவிடும். நான்கு மணிக்கெல்லாம் துணி தேய்க்கிற மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் கணினியை வைத்துப் படிக்க உட்கார்ந்தார். அட்டவணைச் சூத்திரம் தெரிந்தவருக்கு, நீட்சி எழுதுகிற இந்த ஜாவாஸ்கிரிப்ட் ஊர் பேர் தெரியாத பாஷை. இது பற்றாதென்று பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். மாடியில் குடியிருக்கும் நாத்தனாரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுகிறவர். பதினைந்து வருடமாக அதையே எழுதி எழுதி, எதைப் படித்தாலும் கடிதமாகத்தான் மொழிபெயர்ப்பார்.

"நான் எழுதினதை ஓட்டினா திரையில இந்தச் சிவப்பு எழுத்து வருதே, என்ன சொல்லுது?"

நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்புடையீர், தாங்கள் குறிப்பிட்ட பொத்தான் எம்மிடம் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

"பொத்தான் அங்கதானே இருக்கு!"

"இருக்கலாம் அண்ணி. அவங்க பார்வைக்கு வரலையாம்."

நீட்சிக்கு முதலில் ஒரு விவரக் கோப்பு எழுத வேண்டும். பெயர் என்ன, எந்தப் பக்கத்தில் நுழையலாம் என்று சொல்லும் அனுமதிச் சீட்டு அது. அதில் ஒரே ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக உலாவி மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தக் காற்புள்ளியைக் கண்டுபிடித்த அன்று அக்கா போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் திருப்புளியோடு ஓடிவந்தார்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒரு புள்ளிங்க! வாலு வச்ச புள்ளி!"

அவர் திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு திரும்பிப் போனார்.

முதன்முதலில் ஓடிய நீட்சி எதற்கும் உதவாத ஒரு சேட்டை. பக்கத்தில் 'பிழை' என்ற சொல் எங்கே வந்தாலும் அதை 'ஐயய்யோ' என்று மாற்றிக் காட்டும். அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தார். "பதிவில் ஐயய்யோ ஏற்பட்டுள்ளது" என்று அந்த மூஞ்சி செத்த பக்கம் சொன்னபோது, இருபது வருடத்தில் முதல் தடவையாகத் தலைமை அலுவலகம் மனிதர் மாதிரி பேசுவதாக அக்காவுக்குத் தோன்றியது.

விவரக் கோப்பில் எந்தப் பக்கம் என்று குறிப்பிடச் சோம்பல்பட்டு எல்லாப் பக்கமும் என்று எழுதியிருந்ததுதான் வினை. சர்க்குலர் சாரின் கணினி பழுது. தலைமை அலுவலகத்திலிருந்து தனக்கு வந்த கடிதத்தை அக்காவின் கணினியில் திறந்தார், நம்பிக்கையோடு படிக்காமலே அச்செடுத்தார், கையொப்பமிட்டுப் பலகையில் குத்தினார். 'ஊழியர்கள் அனைவரும் ஐயய்யோ இன்றிப் பணிபுரிய வேண்டும். ஐயய்யோக்களின் எண்ணிக்கை மாதந்தோறும் கணக்கிடப்படும்.'

நடைமேடையில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். மத்தியானம்தான் சார் பார்த்தார். அச்சுப்பொறியைச் சந்தேகப்பட்டு ஆள் வரவழைத்தார். வந்தவர் அதைப் பிரித்து, துடைத்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் போனார். அக்கா அதற்குள் நீட்சியைக் கழற்றிவிட்டு, உலகத்திலேயே நல்ல பெண்மணி மாதிரி குடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பிறந்து ஒன்றாம் தேதியே மைக்கண்ணனுக்கு ஒரு பிழை. இனி விளையாட முடியாது. அக்கா ஒரே வாரத்தில் நிஜமான நீட்சியை எழுதினார். மஞ்சள் பின்னணி, கட்டைவிரல் பருமனில் கறுப்பு எழுத்து. பட்டியலின் தலையில் குடை. 'பதிவு செய்' வலக்கோடியில் பச்சையாக, 'நீக்கு' இடக்கோடியில் சிவப்பாக. கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. சொந்தமாக எழுதிய நீட்சியை அந்த உலாவி தற்காலிகமாகத்தான் ஏற்கும். மூடினால் மறந்துவிடும். அதனால் அக்கா தினமும் இருபது நிமிடம் முன்னதாக வந்து மைக்கண்ணனின் கணினியில் அதைப் புதிதாக ஏற்றிவைப்பார். அவர் வரும்போது தன் இடத்தில் ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார்.

"தங்கச்சி, பாத்தியா பக்கத்தை? ஒரு வழியாத் தலைமை அலுவலகத்துக்குப் புத்தி வந்திருக்கு!"

"ஆமாண்ணே," என்றார் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"யாரோ விவரம் தெரிஞ்ச பையன் வேலைக்குச் சேந்திருக்கான். அவன் நல்லா இருக்கணும்."

அந்த விவரம் தெரிந்த பையன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வாழ்த்து வாங்கியவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. சீட்டு எண்ணைத் தட்டினால் அந்தப் பொருளின் விவரம் முழுக்கத் திரையில் ஒரு பெரிய பெட்டியில் வந்து நிற்கட்டுமே என்று இன்னொன்றும் சேர்த்தார். முதல் வரி, விவரத்தைக் கொண்டுவா. இரண்டாம் வரி, பெட்டியில் காட்டு. இருபது வருடம் ஜன்னலில் உட்கார்ந்தவருக்கு வரிசை என்றால் வரிசைதான். முன்னால் நிற்பவர் வேலை முடிந்தால்தானே பின்னால் நிற்பவர் வருவார்?

அந்த மொழிக்கு அந்த நாகரிகம் கிடையாது. கொண்டுவரச் சொன்ன விவரம் வந்து சேர்வதற்குள், இரண்டாம் வரி முண்டியடித்துக்கொண்டு ஓடி, முந்தின ஆளின் விவரத்தை எடுத்துக் காட்டிவிட்டது. கைப்பெட்டி கேட்டு வந்த பெரியவருக்குப் பெட்டியில் பல்செட் வந்தது.

"உங்க பல்லு பத்திரமா இருக்குங்கய்யா!" என்றார் மைக்கண்ணன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

பெரியவர் வாயைத் திறந்து, உள்ளே முப்பத்திரண்டும் சொந்தமாக இருப்பதைக் காட்டினார். பெரியவருக்கு முன்னால் பல்செட் தேடி வந்த அம்மாளுக்கோ, தனக்கும் முன்னால் வந்துபோன ஆளின் ஒற்றைச் செருப்பு. அக்கா பதறி எழுந்து போவதற்குள் மூன்று பதிவுகள் தவறான ஆள் பேரில் ஒப்படைத்தாயிற்று. பொருள்களைத் திரும்ப வாங்கி உரியவர்களிடம் கொடுத்துவிட்டாலும் பிழை பிழைதான். மொத்தம் நான்கு. தேதி பதினொன்று. இன்னும் ஒன்று ஆனால் மைக்கண்ணன் படிக்கட்டுக்குக் கீழே.

"கை தவறிடுச்சு போல," என்று அவர் அன்று முழுக்கத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் கை இல்லை என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. அந்தப் பெரிய பெட்டியை மட்டும் கழற்றிவைத்தார். அவர் செய்த உருப்படியான வேலை அன்று அதுதான்.

வீட்டில் நாத்தனார் பாடத்தைப் படித்தார். "கேட்ட சரக்கு தற்சமயம் கைவசம் இல்லை. உரிய காலத்தில் அனுப்பப்படும் என்ற வாக்குறுதி மட்டும் இத்துடன் தரப்படுகிறது."

"யாரு வாக்குக் குடுக்கிறா?"

"மொழிதான் அண்ணி."

"விவரத்தைக் கேட்டா வாக்குக் குடுக்குமா? நாம என்ன தேர்தலா நடத்துறோம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் கடுதாசி எழுதுறவ. நீங்கதான் பெரிய நிரல் மகாராணி."

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, மைக்கண்ணனின் ஜன்னலில் ஒரு அவசரக்காரர் சீட்டை ஆட்டிக்கொண்டு சத்தம் போட்டார். சீட்டு வாங்கி ஐந்து நிமிடமாயிற்று, பை எங்கே என்றார்.

"ஐயா, சீட்டு கையில இருந்தா பை கையில இருக்கிற மாதிரி ஆயிடுமா?" என்றார் மைக்கண்ணன். "பை கீழ கிடக்கு. ஆளு போய்த் தூக்கிட்டு வரணும். அதுவரைக்கும் நான் சும்மா இருப்பேனா? அடுத்தவங்களைப் பார்ப்பேன். உங்க பை மேல வந்ததும் உங்க நம்பரைக் கூப்பிடுவேன். கூப்பிட்டப்புறம் வாங்க. அதுக்கு முன்னாடி வந்து நின்னீங்கன்னா, மேசையில எவனோ விட்டுட்டுப் போனதுதான் கிடக்கும்!"

அக்கா கையிலிருந்த குடையைக் கீழே போட்டார்.

அந்த மொழி அவரை ஏமாற்றவே இல்லை. கேட்டவுடன் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவரைப் பார்க்கப் போயிருக்கிறது, மைக்கண்ணன் மாதிரியே. சீட்டையே பை என்று நினைத்துக்கொண்டு மேசையில் கிடந்ததை அள்ளியது அக்காதான். இருபது வருடமாகக் கண்முன்னால் நடப்பதை ஒரு மொழி செய்தால் அடையாளம் தெரியவில்லையே!

அன்று சாயங்காலம் முதல் வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். காத்திரு என்று பொருள்படும் சொல். வீட்டிலேயே ஐம்பது பொய்ப் பொருள்களை உருவாக்கி, வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் வரிசையில் நிற்கவைத்துச் சோதித்தார். குளிர்பெட்டி கேட்டவருக்குக் குளிர்பெட்டி வந்தது. "ஒரு நல்ல மாப்பிள்ளை" கேட்ட நாத்தனாருக்கு, இருப்பில் இல்லை என்று வந்தது. ஐம்பதும் சரி. மறுநாள் அலுவலகத்தில் ஏற்றி, நான்கு ஆள் போய் ஐந்தாவது ஆளுக்கும் சரியாக வந்ததைப் பார்த்தவுடன், அலமாரிக்குப் பின்னால் போய் முன்னூறு குடைகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் ஒரு சுற்று ஆடிவிட்டு வந்தார். கைப்பிடிகளில் புடவை மாட்டி இரண்டு குடை கூடவே வந்தன.

மாதத்தின் கடைசி நாள். நான்கு பிழை செய்த ஊழியரை நேரில் கவனிப்பது என்று சர்க்குலர் சார் முடிவெடுத்து, காலை பத்து மணிக்கு மைக்கண்ணனின் முதுகுக்குப் பின்னால் குறிப்பேட்டோடு நின்றார். பெஞ்சில் இருபது பேர். முப்பதாம் எண் வரை ஒரு பிழைகூட விழவில்லை.

முப்பத்தோராம் எண் ஒரு லாரி ஓட்டுநர். கதவை அடைக்கிற உடம்பு. பூனைக்குட்டி மாதிரி வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துக் கணினி, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி அணைந்து எழுந்தது. எழுந்து வந்த பக்கம் வெள்ளை. சாம்பல் எழுத்து. ஒட்டிக்கொண்ட இரட்டைப் பொத்தான்கள். நீட்சியை உலாவி மறந்துவிட்டது.

மைக்கண்ணனின் விரல் இரண்டு பொத்தான்களுக்கும் மேலே அந்தரத்தில் நின்றது. இடதா, வலதா? கழுத்தில் வியர்வை இறங்குவது அடுத்த ஜன்னலிலிருந்தே தெரிந்தது. சார் பேனாவைத் திறந்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் அண்ணன் கீழே போவார். எழுந்தால் எல்லாம் வெளியே வரும். அக்கா எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அண்ணே, கையை எடுங்க."

"என்னம்மா பண்றீங்க?" என்றார் சார்.

"ரெண்டு நிமிஷம் சார்." குனிந்து, ஒவ்வொன்றாக ஆறு இடத்தில் சொடுக்கினார். பக்கம் மஞ்சளாகப் பூத்தது. பெரிய கறுப்பு எழுத்து. பச்சை ஒரு கோடி, சிவப்பு ஒரு கோடி.

மைக்கண்ணன் அக்காவின் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டார். அதாவது பெஞ்சில் இருந்த இருபது பேருக்கும், வெளியே பழவண்டிக்காரருக்கும் கேட்டது.

"அப்ப இது தலைமை அலுவலகம் இல்லையா? நீதானா? எனக்குக் கண்ணு மங்கிட்டு வர்றது உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க கோட்டுக் கம்பத்துக்கு வணக்கம் சொன்ன அன்னிக்கு."

"அது கம்பமா?"

மண்டபத்தில் யாரோ சிரித்து, யாரோ அவரை அடக்கினார்கள். சார் பேனாவை மூடவில்லை. "கண்ணுல என்ன?"

மைக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் முதல் தடவையாகச் சாதாரண மனிதர் குரல் அளவுக்கு இறங்கியது. "நடுவுல மங்கல் சார். மூணு வருஷமா. எழுத்து பெருசா இருந்தாத் தெரியும். சொன்னா கீழ அனுப்பிடுவீங்கன்னு சொல்லலை."

"நாலு பிழை இருக்கே?"

"அதுல மூணு என்னுது சார்," என்றார் அக்கா. "வரிசை தெரியாம நான் எழுதிட்டேன். அண்ணன் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதுவும் நான் எழுதறதுக்கு முன்னாடி."

சார் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். லாரி ஓட்டுநர் மெதுவாக இருமினார். "சார், என் துணிப்பை…"

மைக்கண்ணன் சீட்டு எண்ணைத் தட்டினார். விவரம் வரும்வரை பெட்டி காத்திருந்தது. வந்ததைப் படித்தார். கம்பளி நூல், ஊசி, பாதி பின்னிய சட்டை. அவர் முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது.

"கை எத்தனை முடிஞ்சிருக்கு?"

அந்தப் பெரிய உடம்பு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சன்னமாகச் சொன்னது: "ஒண்ணரை."

"ஆளு இவர்தான்!" என்று மைக்கண்ணன் முழங்கி, வலக்கோடியில் பச்சையை அழுத்தினார். சரியாக விழுந்தது.

சார் குறிப்பேட்டில் எழுதியதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கழுத்தை நீட்டி இன்னொரு தடவை திரையைப் பார்த்தார். "என் சுற்றறிக்கையில பிழையோட எண்ணிக்கைதான் இருக்கு. கண்ணோட எண்ணிக்கை இல்லை. இந்த மாசம் நாலு. அஞ்சு ஆகலை. இவர் இங்கயே இருக்கட்டும்."

பெஞ்சில் இருந்தவர்கள் எதற்கென்று முழுசாகத் தெரியாமலே கை தட்டினார்கள்.

"ஆனா," என்று சார் விரலை உயர்த்தினார், "அனுமதி இல்லாம நிரல் போடக் கூடாது. தலைமை அலுவலகத்துக்கு இப்பவே ஒரு விண்ணப்பம் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

நிரல் எழுத வந்த அக்காவின் கைக்கு விண்ணப்பம் எழுத வரவில்லை. மைக்கண்ணன் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தார். அவர் சொன்னதை மண்டபமே கேட்டுக்கொண்டிருந்ததால் ஆளாளுக்குத் திருத்தம் சொன்னார்கள்.

"மிகத் தாழ்மையுடன்னு போடும்மா."

"தாழ்மையெல்லாம் எதுக்கு? எவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்கு அந்தப் பொண்ணு! கெத்தாப் போடச் சொல்லுங்க."

"பொண்ணா? எனக்கு நாப்பத்தி நாலு," என்றார் அக்கா.

"அதையும் போடுங்க," என்றார் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இன்னும் போகாமல் நின்ற லாரி ஓட்டுநர். "வயசு போட்டா மரியாதை குடுப்பாங்க."

தாழ்மையும் கெத்தும் வயதும் கலந்து விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம் வந்தது. சார் முழுக்கப் படித்தார். அச்சுப்பொறி விஷயத்துக்குப் பிறகு அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. 'ஒரு ஜன்னலுக்கு' என்று இருந்ததை அடித்து, 'நிலையத்தின் எல்லா ஜன்னல்களுக்கும்' என்று மேலே எழுதி, கையெழுத்திட்டுக் கொண்டுபோனார்.

மைக்கண்ணன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முப்பத்திரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார். குல்லா போட்ட ஒருவர் எழுந்து வந்தார். என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டதற்கு, தான் ஒன்றும் தொலைக்கவில்லை, ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறது, இங்கே கலகலப்பாக இருந்ததால் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் என்றார். அப்படியென்றால் பக்கத்தில் வந்து உட்காரும்படி மைக்கண்ணன் அவருக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.